கண்டர்ஸ்டெக் மலைக்கு வரமுதல்

பேர்ண், சுவிற்சர்லாந்து

அன்புள்ள அக்கா, அத்தானுக்கு,

நாங்கள் எல்லாரும் நல்ல சுகம். அங்கேயும் அம்மாவும் பிள்ளையளும் சுகமாயிருக்க வேணும். ஆடி மாதம் ஐந்து பேரும் வாறீங்கள் என்று தெரிந்ததிலிருந்து வீட்டில் அதே கதைதான். ஞாயிற்றுக்கிழமையில் இங்கே கடை இல்லை, சத்தம் போடுற வேலை ஒன்றும் செய்யவும் கூடாது. சனம் முதுகில் ஒரு பையைக் கொழுவிக்கொண்டு மலைக்குப் போகும். உங்களையும் ஒரு நாள் எஷினென்ஸேக்குக் கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறோம். ‘ஸே’ என்றால் ஏரி. முதலே கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது என்பதால் விபரமாக எழுதுகிறேன்.

பேர்ணிலிருந்து ஏரிக்குக் கீழேயுள்ள கண்டர்ஸ்டெக் ஊருக்கு மாறாமல் போற ரயில் இருக்கு. ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட எடுக்கும். ஆனால் அந்த ரயில் ஸ்பீட்ஸ் என்ற இடத்தில் இரண்டாகப் பிரியும். முன்பாதி ஒரு பள்ளத்தாக்குக்கு, பின்பாதி வேறொன்றுக்கு. பெட்டியில் ‘பிரிக்’ என்று போட்டிருந்தால் சரி, ‘ஸ்வைசிம்மன்’ என்றால் இறங்கி மற்றப் பாதிக்கு ஓட வேணும். ஒரே குடும்பம் இரண்டு பெட்டியில் ஏறிப் பிரிந்துபோறது இங்கே புதினமில்லை. ஆறு வயதுக்குக் கீழே டிக்கெட் இல்லை. அதற்கு மேலே 16 வரைக்கும் பாதிக்காசு.

கண்டர்ஸ்டெக் 1,174 மீட்டரில் இருக்கு. ஸ்டேசனிலிருந்து கால் மணித்தியாலம் போல நடந்தால் கேபிள்கார். அது 1,680 மீட்டரளவுக்கு ஏற்றிவிடும். ஆடியில், அதுவும் ஞாயிற்றுக்கிழமையில், பத்து மணிக்குப் போனால் வரிசை பெரிசாகக் கிடக்கும். ஏழு மணி ரயிலுக்கு வெளிக்கிட்டால் அந்தத் தொல்லை இல்லை. வேளைக்குப் போக இன்னொரு காரணமும் இருக்கு, பிறகு சொல்கிறேன்.

மேலே இறங்கினதும் அம்மாவுக்கு ஒரு வழி, எங்களுக்கு ஒரு வழி. ஏரிக்கரைக்கு அரை மணித்தியாலத்துக்குள் இறங்கிவிடலாம். அகலமான பாதைதான், ஆனால் அம்மாவின் முழங்காலுக்கு இறக்கம் கூடாது. சின்ன மின்சார வண்டி ஒன்று ஓடும், காசு தனி. அதில் போய்க் கரையில் சாப்பாட்டுக்கடை வாங்கில் இருந்தால் தண்ணியையும் மலையையும் பார்த்துக்கொண்டிருக்கலாம். எங்களில் ஒருவர் அம்மாவுக்குத் துணைக்கு இருப்பார்.

நாங்கள் இடப்பக்கமாக ஏறி ஹொய்பெர்க் போவோம். அது 1,940 மீட்டர், நுவரெலியா டவுனைவிடக் கொஞ்சம் உயரம். படத்தில் நீங்கள் பார்க்கிற ஏரி இங்கேயிருந்து எடுத்ததுதான். காலுக்குக் கீழே 360 மீட்டர் ஆழத்தில், நீலமும் பச்சையும் கலந்த நிறத்தில் கிடக்கும். மலையில் நகர்ந்து வருகிற பனிப்பாளம் பாறையை மாவாக அரைத்துத் தண்ணியில் விடுகிறதால் வருகிற நிறம் அது. எதிரே ப்ளூம்லிஸால்ப், டோல்டன்ஹோர்ன், இரண்டும் 3,600 மீட்டருக்கு மேலே. இன்னொரு புதினம், இந்த ஏரிக்குத் தண்ணி வெளியே ஓடுற வாய்க்கால் ஒன்றும் இல்லை. மலை சரிந்து விழுந்த கல்லுக்குவியல்தான் அணை. தண்ணி அதற்குள்ளால் இறங்கிக் கீழே ஊற்றாக வரும். அந்த ஊரின் குடிதண்ணியும் அதிலிருந்துதான். எங்கட யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணறு போல நிலத்துக்குக் கீழே நடக்கிற அலுவல்.

நடை மொத்தமாக எட்டு, ஒன்பது கிலோமீட்டர். மஞ்சள் பலகையில் போட்டிருக்கிற நேரத்தை நம்ப வேண்டாம். அது இளைப்பாறாமல், சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் நடக்கிற ஆளின் கணக்கு. படம் எடுக்க, தண்ணி குடிக்க, சின்னவன் கல்லுப் பொறுக்க எல்லாம் சேர்த்து ஒன்றரை மடங்கு வையுங்கோ. கல்லிலே வெள்ளை–சிவப்பு–வெள்ளைக் கோடு தீட்டியிருந்தால் அது மலைப்பாதை, சும்மா செருப்போடு போற பாதை இல்லை.

கஷ்டம் ஏற்றத்தில் இல்லை, அக்கா. ஹொய்பெர்க் தாண்டி ஓபர் பெர்க்லி என்ற மேய்ச்சல் வெளிக்குப் போற பாதை ஒடுக்கம், வலப்பக்கம் செங்குத்தாக விழும். பிள்ளையள் மலைப்பக்கமாக நடக்க வேணும், பெரியாக்கள் வெளிப்பக்கம். எதிரே ஆள் வந்தால் நாங்கள் மலையோடு ஒட்டி நின்று வழி விடுறது. அங்கேயிருந்து உன்டர் பெர்க்லிக்கு 200 மீட்டர் இறக்கம், படியும் கல்லுமாக. சில இடத்தில் பிடிக்கக் கம்பிவடம் இருக்கு. மழை பெய்திருந்தால் சுண்ணாம்புக்கல் சோப் போட்டது மாதிரி வழுக்கும். முதல்நாள் பின்னேரம் மழையென்றால் ஹொய்பெர்க் மட்டும் போய் வந்த வழியே திரும்பிவிடுவோம். பாதிக்காட்சி அங்கேயே முடிந்துவிடும், நட்டமில்லை.

வேளைக்குப் போகச் சொன்ன காரணம் இடிமழை. ஆடியில் காலமை வானம் கண்ணாடி மாதிரி இருக்கும், இரண்டு மணிக்கு மலைக்குப் பின்னால் கருமுகில் எழும்பும். பத்தரைக்குள் ஹொய்பெர்க்கில் நின்றால் பின்னேர முகில் வரமுதல் கீழே இறங்கிவிடலாம். இடி கேட்ட பிறகு அந்தக் கம்பிவடத்தில் கை வைக்கக் கூடாது.

வழியில் மாடுகள் நிற்கும். கன்றோடு நிற்கிற பசுவுக்குக் கிட்டப் போகாமல் சுற்றிப் போக வேணும், தடவிப் பார்க்கிற ஆசை வேண்டாம். படலையைத் திறந்தால் திரும்பச் சாத்துறது. வேலிக் கம்பியில் மின்சாரம் ஓடும். ஸ்பிட்சர் ஸ்டைன் என்ற பாறை அசைந்துகொண்டிருக்கிறதால் அந்தப் பக்கத்துப் பாதைகள் மூடிக் கிடக்கு. தடுப்புப் போட்ட இடத்துக்குள் ‘கிட்டத்தானே’ என்று போகக்கூடாது. அவசரமென்றால் 112, ஹெலிகொப்டருக்கு 1414.

சாப்பாட்டுக்குப் புட்டு வேண்டாம், தொண்டையில் விக்கும். றொட்டியும் சம்பலும் கட்டுவோம், றோல்ஸ் கொஞ்சம். ஆளுக்கு ஒன்றரை லீட்டர் தண்ணி. ஒரு சுவெற்றர், மழைக்கோட்டு, தொப்பி. வெயில் சுடாது போலத்தான் தெரியும், பின்னேரம் கழுத்துச் சிவந்திருக்கும். குப்பை திரும்ப எங்கட பையில்தான்.

ஏரிக்கரையில் அம்மாவோடு சாப்பிட்டு, பிள்ளையள் கால் நனைத்த பிறகு கேபிள்காருக்கு 100 மீட்டர் திரும்ப ஏற வேணும். எல்லாரும் மறக்கிறது இதைத்தான். களைத்த பிள்ளை அழுவது இங்கேதான். அதுக்கென்று கடைசிச் சொக்கிலேற் ஒன்றை ஒளித்து வைக்க வேணும். அம்மா அதே மின்சார வண்டியில் வரட்டும்.

இனிச் சப்பாத்து. அங்கே புதுசு வாங்க வேண்டாம், அடி தட்டையாக இருந்தால் இறக்கத்தில் உதவாது. இங்கே வீட்டில் கனகாலம் கிடந்ததையும் தரமாட்டேன். போடாமல் பத்து வருசம் கிடந்தால் அடித்தோலுக்கு மேலுள்ள பஞ்சு உதிரத் தொடங்கும், நடு மலையில் அடி கழன்று வாய் பிளக்கும். தெரிந்தவர்களிடம் நல்லது இரவல் வாங்கலாம். பிள்ளையளை வெறுங்காலில் கடதாசியில் நிறுத்தி, பென்சிலால் சுற்றிக் கோடு கீறி அனுப்புங்கோ. காலமையில் வேண்டாம், பின்னேரம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது. பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் இடம் விட்டு நான் எடுக்கிறேன். அத்தான் தன்ர காலையும் கீறி அனுப்பட்டும். இரண்டு கால்களையும், ஒன்று மற்றதைவிடப் பெரிசாக இருக்கும்.

அன்புடன்,
உங்கட தங்கச்சி