முன்னோரின் ஆயுளும் சராசரிக் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியின் பழைய தலைமுறையினர் சாமை, கொறளி ஆகிய சிறுதானியங்களை உண்டு நூறு வயதைச் சாதாரணமாகக் கடந்தார்கள் என்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையையும், அதை மறுத்து, அக்காலத்தில் மனிதர் வாழ்ந்ததே இருபத்தைந்து வயது வரைதான் என்று வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தையும் படித்தேன். வாசகர் சொன்ன எண் சரி. அதற்கு அவர் கொண்ட பொருள்தான் தவறு. கட்டுரையிலோ எண்ணே இல்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் 25 ஆண்டுகளை எட்டவில்லை. 1918இல் இன்ஃபுளுயன்சா பரவிய பத்தாண்டில் அது 20க்கு அருகே இறங்கியது. அதனால் இருபத்தைந்தாம் வயதில் மக்கள் மூத்து மடிந்தார்கள் என்று ஆகிவிடாது. 1879இல் பிறந்த பெரியார் 94 வயது வரை வாழ்ந்தார். அவருக்குப் பிறந்த ஒரே குழந்தை ஐந்து மாதத்தில் இறந்தது. இவ்விரு ஆயுளின் சராசரி ஏறத்தாழ 47. அது இருவரில் எவரும் இறந்த வயதன்று. வீடுதோறும் நேர்ந்த குழந்தைச் சாவுகளே அக்காலச் சராசரியைக் கீழே இழுத்தன. பிரசவத்தில் இறந்த தாய்மாரும், காலரா, பெரியம்மைக்குப் பலியானோரும் அதை இன்னும் தாழ்த்தினர். வானியலாளர் எட்மண்ட் ஹாலி 1693இல் ஐரோப்பாவின் பிரெஸ்லாவு நகரின் பிறப்பு இறப்புப் பதிவுகளைக் கொண்டு அமைத்த அட்டவணையில், ஓராம் வயதில் 1,000 பேர் எனத் தொடங்கினால் ஐந்தாம் வயதில் 732 பேரும் அறுபதாம் வயதில் 242 பேரும் எஞ்சுகிறார்கள். முதுமை அன்றும் இருந்தது. அதை எட்டியவர்கள்தாம் குறைவு. அறுபதுக்கும் எண்பதுக்கும் தனித்தனியே சடங்கு வகுத்த நம் சமூகத்துக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

இனி நூறு வயதுக் கதைகளைப் பற்றி. பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலத்தில் நம் ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) வயதை நிகழ்ச்சிகளைக் கொண்டே சொன்னார்கள். ‘ரயில் வந்த வருஷம் பிறந்தவர்’ என்றால் எந்த ரயில்? குன்னூருக்கு ரயில் வந்தது 1899இல். உதகைக்கு வந்தது 1908இல். பேரன் எதைத் தேர்ந்தெடுக்கிறான் என்பதைப் பொறுத்துத் தாத்தாவுக்கு ஒன்பது வயது கூடலாம். கூட்டிச் சொல்வதில்தான் நமக்குப் பெருமை என்பதால், பிழை பெரும்பாலும் ஒரு பக்கமாகவே சாய்கிறது. குன்னூர் பாஸ்டர் ஆய்வு நிலையத்தில் ஊட்டச்சத்து ஆய்வை வளர்த்த மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன், அதற்கு முன் வடக்கே காஷ்மீரை ஒட்டிய கில்கிட்டில் பணியாற்றியபோது கண்ட ஹுன்சா பள்ளத்தாக்கு மக்களின் உடல்நலத்தையும் நீண்ட ஆயுளையும் வியந்து எழுதினார். பின்வந்தவர்கள் அதை 120, 140 வயது என்று ஊதிப் பெருக்கினர். அங்கும் அப்போது பிறப்புப் பதிவு இருக்கவில்லை. மெக்காரிசனின் உணவு ஆய்வுகள் மதிக்கத்தக்கவை என்றாலும், ஆயுளைப் பொறுத்தவரை அவருக்கும் கேள்விப்பட்டதே ஆதாரம்.

மலைக்காற்று மட்டும் ஆயுளைக் கூட்டியிருக்குமானால், உதகையை உருவாக்கிய ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் 1838இல் அடுத்தடுத்து இறந்து புனித ஸ்டீபன் தேவாலயக் கல்லறையில் அடங்கியிருக்க மாட்டார்கள். அடிவாரத்து நிலை இன்னும் மோசம்: மலேரியாவை ஆராய்ந்த ரொனால்டு ராஸே 1897இல் சீகூர் சென்று அந்நோய்க்கு ஆளானார். சாமையை நானும் விரும்பி உண்பவன். ஆனால் இன்று இந்தியரின் சராசரி ஆயுள் 70ஐ ஒட்டி நிற்பதற்கு, கக்குவான், தொண்டை அடைப்பான், ரண ஜன்னி ஆகிய மூன்றையும் தடுக்கும் ஊசிக்கும், நல்ல குடிநீருக்கும், மருத்துவமனைப் பிரசவத்துக்கும் உள்ள பங்கு சாமைக்கு இல்லை. அந்த முத்தடுப்பூசி குன்னூரிலேயே தயாரானது என்பதைக் கட்டுரையாளர் ஒரு வரியிலாவது குறிப்பிட்டிருக்கலாம்.

இனி நூறு வயது கடந்தவர் என்று படத்துடன் செய்தி வெளியிடும்போது, அந்த வயதுக்கான சான்று ஞானஸ்நானப் பதிவேடா, பள்ளிச் சான்றிதழா, எஸ்டேட் ஆள்பதிவா, அல்லது குடும்பத்தார் சொன்னது மட்டுமா என்பதையும் ஒரு வரி சேர்த்து வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கோத்தகிரி.