தரை விரித்தவர்களுக்கும் வலை கட்டியவர்களுக்கும்

அன்புடையீர், வணக்கம்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டி மொயின் என்றொரு ஊர். அங்கே 1995-இல் அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் என்ற தொழில்முறை அணி களமிறங்கியது. ஆடியது அரீனா ஃபுட்பால். ஃபுட்பால் என்றதும் நம் ஊர்ப் பந்தை நினைத்துவிட வேண்டாம். முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி, எறிந்து, பிடித்து, மோதி விழுகிற அமெரிக்க ஆட்டம் இது. அதைக் கூரைக்குக் கீழே கொண்டுவந்து, சுவர் கட்டி, இரண்டு முனையிலும் வலை தொங்கவிட்டால் அரீனா ஃபுட்பால்.

அந்த அணியின் முதல் மூன்று ஆண்டுகளைப் பற்றிப் பேசுகிற எவரும் பந்து எறிந்த கர்ட் வார்னர் என்ற பெயரில் தொடங்கி அதே பெயரில் முடிப்பார்கள். அவருக்குரிய நன்றி இந்த மடலிலும் உண்டு. ஆனால் வரிசையில் சற்றுப் பின்னால் நிற்கட்டும். முன்னால் போகவேண்டியவர்கள் வேறு பலர்.

முதலில் ஜிம் ஃபாஸ்டருக்கு. 1981 பிப்ரவரி 11 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அவர் பார்த்துக்கொண்டிருந்தது உள்ளரங்கில் நடந்த நம் ஊர் ஃபுட்பால். ஐஸ் ஹாக்கி அரங்குக்குள் அந்தப் பந்து நுழைய முடியுமென்றால் அமெரிக்க ஃபுட்பால் ஏன் நுழையக்கூடாது என்று தோன்ற, கையிலிருந்த காகித உறையின் மேலேயே மைதானத்தை வரைந்தார். 1986 ஏப்ரலில் இல்லினாய் மாநிலம் ராக்ஃபர்டில் சோதனை ஆட்டம். 1987-இல் சிகாகோ, டென்வர், பிட்ஸ்பர்க், வாஷிங்டன் என நான்கே அணிகளோடு முதல் சீசன். 1990-இல் ஆட்ட முறைக்கே காப்புரிமை. எட்டு ஆண்டுகள் லீக் பிழைத்துக் கிடந்த பிறகு அவரே உரிமையாளராக டி மொயினில் அணி தொடங்கினார்.

உறையில் வரைந்த கணக்கு எவ்வளவு கச்சிதம் என்பதைச் சொல்லாமல் மேலே போக மனமில்லை. மைதானத்தின் நீளம் 50 கஜம். புடவை அளக்கிற அதே கஜம்தான், மூன்றடி. ஆக 150 அடி. இரு கோடியிலும், பந்தைக் கொண்டுசேர்த்தால் புள்ளி கிடைக்கிற டச் டவுன் பகுதி எட்டெட்டு கஜம், சேர்ந்து 48 அடி. மொத்தம் 198 அடி. அகலம் 85 அடி. ஐஸ் ஹாக்கித் தளத்தின் அளவு 200-க்கு 85. நீளத்தில் இரண்டே அடி மிச்சம். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஹாக்கி ஆடுகிற எந்த அரங்கிலும், ஒரு செங்கல்லைக்கூட இடிக்காமல், இந்த ஆட்டத்தைப் போடலாம்.

அடுத்த நன்றி தரை விரிக்கும் தொழிலாளர்களுக்கு. எங்களைக் கேட்டால் அரீனா ஃபுட்பாலின் உண்மையான முதல் வரிசை நீங்கள்தான். 198-க்கு 85 என்றால் 16,830 சதுர அடி. சென்னை மனைக் கணக்கில் ஏழு கிரவுண்டு. அத்தனை செயற்கைப் புல் கம்பளத்தையும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் விரித்து, ஆட்டம் முடிந்ததும் சுருட்டி, கூடத்தைக் கச்சேரிக்கோ கண்காட்சிக்கோ விட்டுக்கொடுக்க வேண்டும். பதினைந்தடி அகலச் சுருளாக வைத்துக்கொண்டால் ஐந்து கஜத்துக்கு ஒரு சுருள். மைதானத்துக்கு மட்டும் பத்து, கோடிகளுக்குத் தனி. அனுபவமுள்ளவர்கள் ஓரத்திலிருந்து தொடங்குவதில்லை, நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் விரிப்பார்கள். காரணம் இருக்கிறது. ஒவ்வொரு மூட்டிலும் கால் அங்குலம் பிசகினால் ஒன்பது மூட்டில் இரண்டேகால் அங்குலம். ஒரு முனையிலிருந்து விரித்தால் அத்தனை பிசகும் மறுமுனைக் கோல் கோட்டில் வந்து நிற்கும். நடுவிலிருந்து விரித்தால் பாதி அங்கே, பாதி இங்கே. கண்ணுக்குத் தெரியாது.

மூட்டுகளை வெல்க்ரோ போன்ற ஒட்டுப்பட்டையால் பிணைப்பதில்தான் வம்பு. பட்டையின் கொக்கிகளில் புல் இழையும் தூசும் அடைத்துக்கொண்டால் பிடிப்பு போய்விடும். ஓரம் அரை அங்குலம் எழுந்தாலும் போதும். முழு வேகத்தில் ஓடிவந்து திரும்புகிறவனின் காலணி நுனி அதில் மாட்டும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, முழங்கால் போகும். அதனால் பட்டையைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்தபின்தான் ஒட்ட வேண்டும். ஒட்டிய மூட்டின்மேல் குதிகாலை அழுத்தி, இழுத்து நடந்து பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்தால் ஏமாற்றிவிடும். அடியில் பனித்தளம் இருந்தால் இன்னொரு தொல்லை. பனிக்கும் கம்பளத்துக்கும் நடுவே போடுகிற காப்புப் பலகைகளில் இடைவெளி விழுந்தால், அரங்கில் கூட்டம் சேரச் சேர அந்த இடத்தில் ஈரம் பூக்கும். பத்தாயிரம் பேரின் மூச்சுக்காற்று சும்மா போகாது. குளிரில் கிடந்த சுருளும் விறைத்துப்போய் அலையலையாகத்தான் விரியும். முந்தின இரவே விரித்துப் படியவிடுவது இதற்காகத்தான்.

சுவர் நிறுத்துகிறவர்களே, உங்களுக்கும். இந்த ஆட்டத்தில் பக்கக்கோட்டுக்கு அப்பால் கால் வைக்க இடமில்லை. கோடு முடிகிற இடத்தில் நான்கடி உயரச் சுவர், அதற்கு நுரைப் பஞ்சு மெத்தை, மேலே வினைல் உறை. ஹாக்கி அரங்கில் சுவர் ஏற்கெனவே நிற்கும், மெத்தை மாட்டினால் போதும். வேறு கூடமென்றால் சுவரையே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். நிறுத்தியது நகராமல் இருக்கப் பின்னால் முட்டுக் கொடுத்துப் பாரம் வைக்க வேண்டும். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ளவர்கள் ஓடிவந்து மோதும்போது அடி வழுக்கினால் சுவரோடு சேர்ந்து முன்வரிசை ரசிகரும் நகர்வார். பலரும் கவனிக்காமல் விடுவது மேல்விளிம்பு. தடுமாறி விழுகிறவனின் விலா எலும்பு அடிபடுவது சுவரின் முகத்தில் அல்ல, அந்த விளிம்பில். அங்கே மெத்தை இரட்டையாக மடிந்திருக்க வேண்டும். இரண்டு மெத்தைகளுக்கு நடுவே விரல் நுழைகிற சந்து இருக்கக்கூடாது. கதவின் தாழ்ப்பாள் வெளிப்புறம்தான் இருக்க வேண்டும்.

இனி வலை. கோல் கம்பங்களுக்கு இடையே அகலம் 9 அடி; திறந்தவெளி ஆட்டத்தில் அது 18½ அடி. குறுக்குக் கம்பி 15 அடி உயரத்தில், அங்கே 10 அடிதான். அதாவது பாதி அகலம், ஒன்றரை மடங்கு உயரம். கம்பங்களின் இருபுறமும் 30 அடி அகலம், 32 அடி உயரத்தில் வலை. வலையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 8 அடி, ஆகவே மேல்விளிம்பு 40 அடி. கம்பங்களும் தரையில் நட்டவை அல்ல. வலையோடு சேர்ந்து கூரையிலிருந்து தொங்குகிறவை. 9, 30, 30 கூட்டினால் 69. 85-இல் கழித்தால் இரு மூலையிலும் எட்டெட்டு அடி வெறும் காற்று.

இந்த வலையில் பட்டுத் திரும்பும் பந்து செத்த பந்து அல்ல. எதிரணி உதைத்த பந்து கம்பங்களுக்குள் போகாமல் வலையில் பட்டு வந்தால் பிடித்துக்கொண்டு ஓடலாம். எறிந்த பந்து வலையில் பட்டுத் தரையைத் தொடுமுன் கையில் சிக்கினாலும் செல்லும். அதனால் வலையின் இழுவிசை என்பது ஆட்டத்தின் விதி மாதிரி. தொய்ந்த வலை பந்தை விழுங்கிக் கீழே சொட்டவிடும். பின்னால் காத்திருக்கிறவன் ஓடிவருவதற்குள் எதிரணி வந்துவிடும். ஒரு மூலை மட்டும் இறுகியிருந்தால் பந்து பக்கவாட்டில் தெறிக்கும். இரண்டு மேல் மூலைகளையும் ஒரே அளவு ஏற்றி, கீழ்விளிம்பைக் கயிற்றால் இழுத்துக் கட்டி, அதன்பின் யாரையாவது நாலு இடத்தில் பந்தை எறியச் சொல்லிப் பார்ப்பதுதான் சோதனை. நாற்பதடி உயரத்தில் ஏறி நின்று, கீழேயிருந்து வருகிற கைச்சாடையைப் பார்த்துக் கயிறு பிடித்தவர்களுக்கு எங்கள் தனி வணக்கம்.

பயிற்சியாளர் ஜான் கிரெகரிக்கு நன்றி. கனடாவில் சஸ்காட்சவன் ரஃப்ரைடர்ஸ் அணிக்கு 1989 கிரே கோப்பையை, அதாவது கனடா லீக்கின் பட்டத்தை, வென்று கொடுத்தவர் அவர். கனடாவின் மைதானம் அமெரிக்க மைதானத்தைவிடப் பெரியது. அங்கிருந்து 85 அடிக் கூண்டுக்குள் வந்து அணி சேர்த்தார். அன்றைய விதிப்படி ஒரு பக்கம் எட்டுப் பேர், அதில் பெரும்பாலோர் தாக்குதலும் ஆடவேண்டும், தடுப்பும் ஆடவேண்டும். பந்தை எறிகிற குவார்ட்டர்பேக், உதைக்கிற கிக்கர் போன்ற சிலருக்குத்தான் விலக்கு. பந்து பிடிக்கத் தெரிந்தவனுக்குப் பந்து பிடிக்கிறவனைத் தடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும்; அப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடிப்பதே தனி வித்தை. லீக் 2007-இல் அந்த விதியைக் கைவிட்டது. எங்களுக்கு அது இன்றும் பிடிக்காத முடிவு.

இப்போது வார்னர். பந்தைத் தூர உதைத்துக் கொடுத்துத் தப்பிக்கும் பண்ட் இந்த ஆட்டத்தில் இல்லை. பந்து ஆட்டத்துக்கு வருமுன்பே பந்து பிடிக்கிற ரிசீவர் ஒருவன் முன்னோக்கி ஓடத் தொடங்கலாம், அதனால் ஆட்டம் தொடங்குகிற கோட்டைத் தாண்டும்போதே முழு வேகத்தில் இருப்பான். எறிகிறவருக்கு யோசிக்க நேரமில்லை. இரண்டு எட்டு பின்வைத்து, ரிசீவர் திரும்புமுன்பே பந்து கையை விட்டிருக்க வேண்டும். வார்னர் அதைக் கற்ற வேகம் எண்ணில் தெரிகிறது. 1995-இல் 43 டச் டவுன் எறிகள், 1996-இல் 61, 1997-இல் 79. வெற்றி-தோல்விக் கணக்கில் அணி 7-5, 12-2, 11-3 என்று முடித்தது. 2000 ஜனவரியில் செயின்ட் லூயி ராம்ஸ் அணிக்காக, பெரிய லீக்கான என்.எஃப்.எல்-இன் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வென்று 414 கஜம் எறிந்தபோது, அந்தச் சட்டென்ற கைவிடுதலை டி மொயினில் பார்த்தவர்களுக்கு வியப்பு இருந்திருக்காது.

அதற்கு முன்னால், கிரீன் பே பேக்கர்ஸ் பயிற்சி முகாமிலிருந்து 1994-இல் கழித்துவிடப்பட்ட அவருக்கு சீடர் ஃபால்ஸ் ஊரின் ஹை-வீ மளிகைக் கடை இரவு வேலை கொடுத்தது. அலமாரியில் சரக்கு அடுக்குகிற வேலை, மணிக்கு ஐந்தரை டாலர். அந்தக் கடைக்கும் நன்றி. பெரிய லீக்கில் இடம் கிடைக்காத ஒருவர் பகலில் பந்து எறிந்து பழக, யாரோ ஒருவர் இரவுக் கூலி கொடுத்தாக வேண்டும்.

மருத்துவ உதவியாளர்களுக்கு: கணுக்காலுக்கு ஒட்டும் நாடா ஒன்றரை அங்குல அகலம், ஒரு சுருள் 15 கஜம். கணுக்கால் ஒன்றைச் சரியாகக் கட்ட ஏறக்குறைய ஒரு சுருள் தீரும். இருபது பேருக்கு நாற்பது சுருள், அதுவும் ஆட்டம் தொடங்குமுன். நுனியில் சுருக்கம் விழுந்தால் அரைமணியில் கொப்புளம். இறுக்கினால் விரல் மரத்துப்போகும். கம்பளத்தில் சறுக்கி விழுந்தால் தீக்காயம் மாதிரி தோல் உரியும். முழங்கையில் வாசலின் தடவி, மேலே உறை போட்டு அனுப்பியவர்கள் நீங்கள்.

ரசிகர்களே, வெட்டரன்ஸ் ஆடிட்டோரியத்தை நிரப்பியவர்களே. 1955-இல் திறந்த, ஊரார் ‘களஞ்சியம்’ என்று செல்லமாக அழைத்த கூடம் அது. விமானியின் கண்ணாடி வரைந்த தலைக்கவசத்தோடு வந்த புது அணிக்கு நீங்கள் அங்கே கூடினீர்கள். கூட்டத்துக்குள் விழும் பந்து உங்களுக்கே சொந்தம் என்பது அந்த லீக்கின் வழக்கமாக இருந்தது. அணிகளின் கணக்குப்பிள்ளைகள் மட்டும் அதைக் கொண்டாடியிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு பந்தும் தோல்; புதிதாக இருக்கும்போது வழுக்கும்; தூரிகையால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்துப் பதப்படுத்திய பிறகு யாரோ ஒருவர் மடியில் போய் விழும். உதவியாளர் மறுபடி முதலிலிருந்து தேய்க்க வேண்டியதுதான்.

1996 ஆகஸ்டில் லீக்கின் இறுதி ஆட்டமான அரீனாபவுல் அங்கேயே நடந்தது. டாம்பா பே ஸ்டார்ம் 42, நம்மவர்கள் 38. மறு ஆண்டு ஃபீனிக்ஸில் அரிசோனா ராட்லர்ஸிடம் 55-33. இரண்டு இறுதி, இரண்டு தோல்வி. வார்னர் போனார், 2000 சீசனுக்குப் பின் அணியே நியூயார்க்குக்குப் போய்ப் பெயர் மாற்றிக்கொண்டது. பார்ன்ஸ்டார்மர்ஸ் என்ற பெயர் பின்னர் டி மொயினுக்குத் திரும்பியது.

தோற்ற இரவிலும் கம்பளம் தானாகச் சுருண்டுகொள்ளாது. கூட்டம் கலைந்த பிறகு முதலில் வலை இறங்கும், பிறகு மெத்தை, பிறகு சுவர், கடைசியில் தரை. வியர்வையும் கொட்டிய பானமும் ஊறிய சுருளை அப்படியே கட்டிப்போட்டால் அடுத்த ஆட்டத்தில் நாற்றம் மேல்வரிசை வரை எட்டும். துடைத்து, உலரவிட்டு, இறுக்கிச் சுருட்டியவர்களே, நன்றி.

இப்படிக்கு,
அரீனா ஃபுட்பாலைத் தமிழில் எழுதிவரும் நண்பர்கள்

பி.கு.: சுருளின் எண்ணை அடிப்புறத்தில் ஒரு முனையில் மட்டும் எழுதாதீர்கள், இரு முனையிலும் எழுதுங்கள். மறுமுனையிலிருந்து யாராவது சுருட்டிவிட்டால் எண் உள்ளே போய்விடும். எட்டாம் சுருள் எது என்று தெரிந்துகொள்ள எட்டையும் பிரிக்க வேண்டிவரும்.