அந்த பீரோவை நகர்த்தி வை, பாப்பா

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். மாங்காய் இந்த வருஷம் சுமார்தான். கிளிமூக்குக்கு கூழ் ஃபாக்டரியில் என்ன விலை போடுவார்கள் என்பது உனக்குத் தெரியாததா. போன் பண்ணினால் "அப்புறம் கூப்பிடுறேன்பா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

வீட்டுப் படங்கள் வந்தன. நம் குடும்பத்தில் பெண் பெயரில் பத்திரம் பதிந்தது நீதான் முதல். அம்மா தெரு முழுக்கப் படத்தைக் காட்டிவிட்டாள். அதெல்லாம் சரி, மத்தியானம் 2 மணிக்கு எடுத்த படத்தில் டியூப்லைட் எதற்கு எரிகிறது? திரையை ஏன் இழுத்து மூடியிருக்கிறாய்? காலமெல்லாம் கொத்தனார் கரண்டி பிடித்தவன் மகள் வீட்டில் பகலில் லைட்டா?

உன் ஹால் ஜன்னல் வடக்குப் பார்த்தது. கொடுத்து வைத்திருக்க வேண்டும். நம் பக்கம் ஏப்ரல் கடைசியில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அப்புறம் ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வரை மத்தியானத்தில் கொஞ்சம் வடக்கே தள்ளித்தான் நிற்கும். அதைப் பார்த்துப் பயந்து மூடியிருந்தால், தேவையில்லை. மேலே 2 அடி சன்ஷேடு இருக்கிறது. உச்சி வெயில் அதைத் தாண்டாது, வெளிச்சம் மட்டும் வரும். மேற்கே இருக்கிற படுக்கையறைதான் வில்லங்கம். 3 மணிக்கு மேல் வெயில் தாழ்ந்து நேராக உள்ளே இறங்கும், சன்ஷேடு ஒன்றும் செய்யாது. அங்கே உள்பக்கம் திரை போட்டுப் பிரயோஜனமில்லை, கண்ணாடியைத் தாண்டிய சூடு அறைக்குள்ளேயே நின்றுவிடும். வெளிப்பக்கம் மூங்கில் தட்டி தொங்கவிடு.

வாசல் பக்கப் படத்தை சுவர் நிறம் பார்க்கத்தான் பெரிதாக்கினேன். செருப்பு ஸ்டாண்டில் உன் செருப்பும் குட்டியின் ஷூவும் மட்டும் இருந்தன. சுவருக்கு நல்ல வெள்ளை அடித்திருக்கிறாய், சீலிங்கும் வெள்ளை. அதுதான் சரி. ஜன்னலில் வருவதை சீலிங்தான் உள்ளே தள்ளிக் கொடுக்கும். சமையலறைக்குக் கருப்பு கிரானைட் போட்டிருக்கிறாய். நம் ஊர்க் கல்தான், குறை சொல்ல மாட்டேன், ஆனால் வெளிச்சத்தைக் குடித்துவிடும். மேடைக்கு மேலே சுவரிலாவது வெள்ளை டைல்ஸ் ஒட்டு.

இப்போது அந்த பீரோ. ஹால் ஜன்னலில் பாதியை மறைத்துக்கொண்டு நிற்கிறது. ஜன்னலின் மேல் பாகம்தான் வெளிச்சத்தை ஆழமாகக் கொண்டுபோகும். மேல் விளிம்பு தரையிலிருந்து 7 அடி என்றால், உத்தேசமாக 14 அடி தூரம் வரை பகலில் லைட் போடாமல் புழங்கலாம். அந்த மேல் பாகத்தைத்தான் பீரோ அடைத்திருக்கிறது. அதை எதிர்ச் சுவருக்குத் தள்ளு. திரைக் கம்பியையும் ஜன்னலைவிட ஒரு அடி அகலமாகப் போடச் சொல், ஒதுக்கினால் துணி சுவரில் கிடக்கும், கண்ணாடியில் கிடக்காது. கொசுவலையைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் கழுவு. தூசி அடைந்த வலை பாதி வெளிச்சத்தைத் தின்றுவிடும், யாரும் கவனிப்பதில்லை.

ராயக்கோட்டை பாட்டி வீடு நினைவிருக்கிறதா? கற்பலகைக் கூரை, ஜன்னல் என்று பேருக்கு ஒன்று. ஆனாலும் அடுப்புக்கு மேலே கல்லில் ஒரு சாண் துளை விட்டு, மேலே கண்ணாடி வைத்திருந்தார்கள். பாட்டி பகலில் விளக்கேற்றி நான் பார்த்ததில்லை. இத்தனை பெரிய ஜன்னலை வைத்துக்கொண்டு நீ திரையை மூடுகிறாய். மூடாதே. காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் திற. குட்டியும் அங்கேதானே விளையாடுகிறாள்.

பீரோவைத் தனியாக இழுக்காதே, இடுப்பு பிடித்துக்கொள்ளும். மாப்பிள்ளை இருக்கும்போது இரண்டு பேருமாகப் பிடியுங்கள். அவருக்கு வேலை இருந்தால், ஊரில் இல்லையென்றால், எதுவாக இருந்தாலும் சரி, எனக்கு ஒரு வார்த்தை சொல். ஓசூர் என்ன தூரமா, காலை பஸ்ஸில் ஏறினால் உனக்கு டிபன் நேரத்துக்கு வந்துவிடுவேன். சொல்லாமல் போய் நிற்கக் கூடாது என்று அம்மா தடுக்கிறாள், இல்லாவிட்டால் போன வாரமே வந்திருப்பேன். பொங்கலுக்கும் நீ வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

செந்தூரா மாம்பழம் ஒரு பெட்டி எடுத்து வைத்திருக்கிறேன், வரும்போது கொண்டுவருகிறேன். மூங்கில் தட்டிக்கு மேற்கு ஜன்னலின் அளவு வேண்டும். அகலம், உயரம் இரண்டையும் டேப் வைத்து அளந்து, போனிலேயே சொல்.

அப்பா