மறுகால் ஓடையை எந்தத் தலைப்பில் எழுதுவீர்கள்?

எங்கள் ஊர் கிராம சபைக்கு வருகிறவர்களுக்கும், வராமல் வீட்டிலிருந்தே குறை சொல்கிறவர்களுக்கும், ஊராட்சிப் பொறுப்பில் இருக்கும் தனி அலுவலர் அவர்களுக்கும் வணக்கம்.

வருகிற அக்டோபர் 2 கூட்டத்தில் அடுத்த ஆண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தை வாசிப்பார்கள். போன தடவை வாசித்த பட்டியல் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கீழத்தெருவுக்கு சிமென்ட் ரோடு, கோயில் முக்கில் உயரமான விளக்குக் கம்பம், சுடுகாட்டுப் பாதைக்கு பேவர் பிளாக், நாடக மேடைக்குக் கூரை. ஊராட்சித் திட்டத்துக்கு மத்திய அரசு வகுத்த ஒன்பது தலைப்புகளில் 'தூய்மையும் பசுமையும்' என்று ஒன்று உண்டு. அதன் கீழே ஒரே வரி: மரக்கன்றுகள் நடுதல்.

நான் எழுந்து, 2023 டிசம்பர் வெள்ளம் இதில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "அது காலநிலை மாற்றம் சம்பந்தப்பட்டது, மேல பார்ப்பாங்க" என்று பதில் வந்தது. அப்புறம் கையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினோம். நானும்தான் தூக்கினேன். அந்த வெட்கத்தில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

அந்த டிசம்பர் 17, 18 தேதிகளை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. நம் தூத்துக்குடி மாவட்டத்தில் வருஷம் முழுக்கப் பெய்வதே அவ்வளவு இருக்காது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் மாட்டிக்கொண்டதை ஊர் உலகமெல்லாம் டிவியில் பார்த்தது. நம் தெருவுக்குள் வந்த தண்ணீரைப் பார்க்க எந்தக் கேமராவும் வரவில்லை. என் வீட்டில் ஜன்னல் கட்டை வரைக்கும் வந்தது. குலை தள்ளி நின்ற வாழை மொத்தமும் போயிற்று. அண்டை வயல் அண்ணாச்சிக்கு வெற்றிலைக் கொடிக்கால் போயிற்று.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அந்த மழைக்கு எவ்வளவு அகலமான ஓடை இருந்திருந்தாலும் தண்ணீர் ஊருக்குள் வந்துதான் இருக்கும். ஆனால் வந்த தண்ணீர் நாலு நாள் அப்படியே நின்றதே, அதற்கு மழை காரணமில்லை. நாம்தான் காரணம்.

நம் குளம் தாமிரபரணியின் தென்கால் வாய்க்கால் பாசனத்தில் இருக்கிறது. குளம் பெருகினால் மிஞ்சின தண்ணீர் மறுகால் வழியாக வெளியே பாயும். அந்தத் தண்ணீர் கீழத்தெருவுக்குப் பின்னால் ஓடை வழியாக இறங்கிப் போகும். என் அப்பா காலத்தில் அந்த ஓடையில் இரண்டு மாட்டுவண்டி ஒன்றையொன்று ஒதுங்கிப் போகலாம் என்பார்கள். இப்போது போய்ப் பாருங்கள். மேல்முனையில் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடக்கிறது. நடுவில் மண் கொட்டி வேன் நிறுத்த இடம் ஆக்கியாயிற்று. கீழே பழைய கல்பாலத்தை இடித்துவிட்டு, இரண்டு சிமென்ட் குழாயைப் பதித்து அதன்மேல் ரோடு போட்டிருக்கிறார்கள். அந்தக் குழாய்க்குள் ஒரு ஆட்டுக்குட்டி குனியாமல் போகாது. இதையெல்லாம் வெளியூர்க்காரன் வந்து செய்யவில்லை. பாலமும் ரோடும் தீர்மானம் போட்டு, நாம் கை தூக்கி, வளர்ச்சி என்ற பெயரில் செய்தவை. மண் கொட்டும்போது எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

அதனால்தான் காலநிலைக்கு என்று தனியாக ஒரு தலைப்பு போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தனித் தலைப்பு போட்டால் அதில் மரக்கன்றுதான் வந்து உட்காரும். ரோடு, பாலம், வடிகால், அங்கன்வாடிக் கூரை என்று பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு வேலையையும் வாசிக்கும்போதே இரண்டு கேள்வி கேட்க வேண்டும். அந்த டிசம்பர் மாதிரி மழை பெய்தால் இது தண்ணீரை விடுமா, மறிக்குமா? 2016 மாதிரி மழையே இல்லாமல் போனால் இதனால் ஊருக்கு ஒரு குடம் தண்ணீராவது மிஞ்சுமா?

சிமென்ட் ரோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிது போடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் தெரு அரை அடி ஏறுகிறது, வீடு அரை அடி இறங்குகிறது. கீழத்தெருவில் பாதி வீட்டு வாசற்படி இப்போது தெருவைவிடப் பள்ளத்தில் இருக்கிறது. அங்கே சாதாரண ஐப்பசி மழைக்கே தண்ணீர் உள்ளே வருகிறது. பழையதைச் சுரண்டிவிட்டுப் போட்டால் செலவு கொஞ்சம் கூடும்தான். வெள்ளத்துக்கு அப்புறம் ஒவ்வொரு வீட்டுக்காரரும் மண் அடித்து வாசலை உயர்த்த என்ன செலவழித்தோம் என்று கூட்டிப் பாருங்கள், எது மலிவு என்று தெரியும்.

பணம் இல்லை என்று சொல்வார்கள். 15ஆவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரை ஊராட்சிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, சுகாதாரம் போன்றவற்றுக்குத்தான் செலவிட வேண்டும் என்று விதியே இருந்தது. அதில் நம் குளத்து வேலைக்கு எவ்வளவு போயிற்று, எந்த வேலைக்கு எவ்வளவு போயிற்று என்று கணக்கை வாசியுங்கள் ஐயா. சண்டைக்குக் கேட்கவில்லை, அடுத்த பட்டியலை எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

மரக்கன்று நடுவதற்கு நான் விரோதி இல்லை. போன முறை நட்டதில் எத்தனை நிற்கிறது என்று எண்ணிப் பார்த்தவர் யார்? பள்ளிக்கூடத்துச் சுவர் ஓரமாக இரண்டு புங்கை நிற்கிறது, அதுவும் சத்துணவு சமைக்கும் அக்கா பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றியதால். குளத்தங்கரையில் நடுவதென்றால் பனையை நடுங்கள். தண்ணீர் ஊற்ற ஆள் தேட வேண்டாம், கரையும் பிடிக்கும்.

ஊராட்சியால் என்ன முடியும் என்று கேட்பவர்களுக்கு இரண்டு ஊர். மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறை ஊராட்சி, ஏறிக்கொண்டே போன கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு, வங்கியில் கடன் வாங்கி 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவியது. கேரளத்தில் வயநாட்டின் மீனங்காடி ஊராட்சியில் மரத்தை வெட்டாமல் வளர்ப்பதற்காக விவசாயிக்கு மரக்கணக்கில் வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார்கள், ஒரு மரத்துக்கு ஆண்டுக்கு 50 ரூபாய். நாமும் காற்றாலை வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. அவர்கள் தங்கள் ஊர்க் கணக்கைப் பார்த்துத் தொடங்கினார்கள். நம் கணக்கு அந்த ஓடையில் இருக்கிறது.

பல்லுயிர்ச் சட்டம் 2002இல் வந்தது. அதன்படி ஒவ்வொரு ஊராட்சியும் தன் எல்லையில் உள்ள செடி, மரம், மீன், பறவை எல்லாவற்றுக்கும் ஒரு பதிவேடு வைக்க வேண்டும். நமக்கும் ஒன்று இருக்கிறதாம். அதை எழுதியவர் ஊருக்குள் வந்ததைப் பார்த்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நம் குளத்தில் என்னென்ன மீன் இருந்தது என்று வலை போடும் தாத்தாவைக் கேட்டால் ஒரே மூச்சில் சொல்வார். அவரை யாரும் கேட்கவில்லை.

சரி, இந்த அக்டோபரில் நான் கேட்கப்போவது மூன்றுதான். ஓடையை சர்வேயர் அளந்து கல் நட வேண்டும், புல வரைபடத்தில் உள்ள அகலம் என்னவோ அந்த அகலத்துக்கு. என் அண்ணன் மகன் கொட்டகையின் ஒரு மூலையும் அதற்குள் வரும் என்று நினைக்கிறேன், வந்தால் எடுத்துத்தான் ஆக வேண்டும், அவனிடம் சொல்லிவிட்டேன். குழாயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பழைய கல்பாலத்தின் அகலத்துக்குப் பாலம் கட்ட வேண்டும். அப்புறம், அன்றைக்குத் தண்ணீர் எதுவரை வந்ததோ அந்த அளவை ரேஷன் கடை, பள்ளிக்கூடம், இ-சேவை மையம் மூன்றின் சுவரிலும் சிவப்புப் பெயின்ட்டில் கோடாகப் போட வேண்டும். இனி யார் எந்த வேலைக்கு எஸ்டிமேட் போட்டாலும் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுப் போடட்டும்.

கூட்டத்துக்கு முந்தின ஞாயிறு காலை ஆறரை மணிக்கு நான் மறுகாலில் நிற்பேன். அங்கிருந்து ஓடை முடிகிற இடம் வரை நடக்கலாம், ஒரு மணி நேரம்கூட ஆகாது. பெண்கள் அவசியம் வர வேண்டும், எந்த வீட்டில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும். தனி அலுவலர் ஐயாவும் வந்தால் நல்லது. கருவேல முள் கிடக்கும், செருப்பு போட்டுக்கொண்டு வாருங்கள். டீ என் செலவு.

இப்படிக்கு,
தென்கால் பாசனத்து வாழை விவசாயி ஒருவன்