ஜனத்தொகை மேல் பழி போடாதீர்கள்

ஆசிரியருக்கு,

உலகில் எங்கே சண்டை மூண்டாலும் "ஜனத்தொகை இப்படிப் பெருகினால் அடித்துக்கொள்ளாமல் என்ன செய்வார்கள்" என்று ஒருவர் எழுதிவிடுகிறார், கூடவே இன்னொருவர் "ஐ.நா. அமைதிப்படை வேடிக்கை பார்க்கத்தான் லாயக்கு" என்கிறார். இரண்டாவதில் பாதி உண்மை உண்டு. முதலாவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

2022 நவம்பரில் உலக மக்கள்தொகை 800 கோடியைத் தொட்டது, சரி. ஆனால் 1960களில் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் இருந்த வளர்ச்சி வேகம் இப்போது 1 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. 2080களில் சுமார் 1,030 கோடி வரை போய், அப்புறம் மெல்ல இறங்கும் என்பது ஐ.நா.வின் 2024 மதிப்பீடு. ரஷ்யாவும் உக்ரைனும் போருக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பிறப்பைவிட இறப்பு அதிகமாகிவிட்ட நாடுகள். ஆள் குறைந்துகொண்டே போன இடத்தில்தான் இத்தனை பெரிய போர் வெடித்தது, அதற்கு எந்த ஜனத்தொகை காரணம்?

ஆப்பிரிக்காவில் இருக்கும் ருவாண்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹூட்டு இனத் தீவிரவாதிகள் டுட்சி இன மக்களைக் கொன்று குவித்த 1994 படுகொலைக்கு "சின்ன நாடு, நிலம் போதவில்லை" என்று விளக்கம் சொன்னவர்கள் உண்டு. இன்று அதே நிலத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு மக்கள் வாழ்கிறார்கள், அந்த மாதிரிக் கொலைவெறி அங்கே மறுபடி நடக்கவில்லை. அன்று நடந்தது என்ன? அங்கிருந்த ஐ.நா. படையில் சுமார் 2,500 பேர். கொலை உச்சத்தில் இருந்தபோது, ஏப்ரல் 21 அன்று, அமைதிப்படைகளைப் பற்றி முடிவெடுக்கும் ஐ.நா. பாதுகாப்புச் சபை அதை 270 பேராகக் குறைக்க முடிவெடுத்தது. தீ பிடித்த வீட்டிலிருந்து தண்ணீர்க் குடத்தை வெளியே தூக்கிப்போன கதைதான். படையின் தளபதி ரோமியோ டலேர் கூடுதல் ஆள் கேட்டும் கிடைக்கவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கம், உள்நாட்டுப் போரில் சிக்கியிருந்த மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோன். அப்போது அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாகச் சுமார் ஆறு பிள்ளைகள். 2000இல் ஐ.நா. வீரர்கள் ஏறத்தாழ 500 பேரைக் கிளர்ச்சிக்காரர்கள் பிணையாகவே பிடித்துவைத்தார்கள், உலகமே சிரித்தது. ஆனால் இந்த முறை படையை விலக்காமல் 17,500 பேர் வரை கூட்டினார்கள், பிரிட்டனும் தனியாகப் படை இறக்கியது. ஆயுதங்களை ஒப்படைக்க வைத்து, தேர்தல் நடத்தி, 2005இல் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பினார்கள். ஜனத்தொகை அங்கே இன்னும் கூடிக்கொண்டுதான் இருக்கிறது, உள்நாட்டுப் போர் திரும்பவில்லை.

எல்லா இடத்திலும் ஆளைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. காங்கோ ஜனநாயகக் குடியரசில் 1999 முதல் அமைதிப்படை இருக்கிறது, ஒரு காலத்தில் சுமார் 20,000 பேர் இருந்தார்கள், இருந்தும் 2025 ஜனவரியில் கோமா நகரம் எம்23 கிளர்ச்சிப்படையிடம் விழுந்தது. அந்தக் கிளர்ச்சிப்படைக்கு ருவாண்டா துணை நிற்கிறது என்று ஐ.நா. வல்லுநர்களே அறிக்கை கொடுத்தார்கள், ருவாண்டா மறுக்கிறது. அதே ருவாண்டா இன்னொரு பக்கம் ஐ.நா.வுக்கு அதிக வீரர்களை அனுப்பும் நாடுகளில் ஒன்று! பக்கத்து நாடு கைவைக்கும் இடத்தில் ஐ.நா. வீரர்களின் நீலத் தொப்பி மட்டும் என்ன செய்யும்?

காசு விஷயமும் சொல்லியாக வேண்டும். 2024-25இல் எல்லா அமைதிப்படைகளுக்குமான ஐ.நா. பட்ஜெட் சுமார் 560 கோடி டாலர். 2024இல் உலக நாடுகள் ராணுவத்துக்குச் செலவழித்தது ஏறத்தாழ 2.7 லட்சம் கோடி டாலர்.

1945இல் ஐ.நா.வில் 51 நாடுகள், இன்று 193. பாதுகாப்புச் சபையின் நிரந்தர உறுப்பினர்கள் மட்டும் அன்றைக்கும் ஐந்து, இன்றைக்கும் ஐந்து (அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ்). இந்த நூற்றாண்டில் ஜனத்தொகை வேகமாகக் கூடப்போவது ஆப்பிரிக்காவில், பெரிய அமைதிப்படைகள் பலவும் அங்கேதான், ஆனால் அந்தக் கண்டத்துக்கு ஒரு நிரந்தர இடம்கூட இல்லை. வீரர்களை அதிகம் அனுப்புவது நேபாளம், வங்கதேசம், இந்தியா, ருவாண்டா போன்ற நாடுகள். அனுப்புவதா திருப்பி அழைப்பதா என்பதில் ஒற்றை வீட்டோவால் (மறுப்பு வாக்கால்) தடை போடக்கூடியவர்கள் அந்த ஐவர். வேடிக்கை பார்க்கிறார்கள் என்று எழுதும் நண்பர்கள் அடுத்த முறை அந்த ஐந்து பேரையும் சேர்த்து எழுதட்டும்.

- வாசகர் ஒருவர்