வேலிப் பொட்டும் கோச்சிப் பாதையும்

கொக்குவில்,
கார்த்திகை.

அன்புள்ள பிள்ளைக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். மூன்று நாளாக மழை விடவில்லை, ஒழுங்கை முழுக்கக் கணுக்கால் தண்ணீர். அப்பா விடிய எழும்பிப் படலை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து திரும்பவும் படுத்துவிட்டார். போனில் கதைத்தால் சின்னவன் பறித்துக்கொண்டு ஓடிவிடுவான், எனக்குச் சொல்ல வந்தது தொண்டைக்குள் நிற்கும். அதுதான் கடிதம்.

ஆவணியில் நான் லண்டனில் உன்னோடு நின்றபோது நீ என்னைப் பழைய ரயில் பாதையால் நடத்திக்கொண்டு போனாய், நினைவிருக்கும். வழியில் கிறவுச் எண்ட் பழைய ஸ்டேஷனின் மேடைகளுக்கு நடுவில் நான் நின்றுவிட்டேன். “ஏனம்மா ஒண்டும் கதைக்காமல் நிக்கிறியள்?” என்று கேட்டாய். களைச்சுப் போனேன் என்று சொன்னேன். நான் களைக்கவில்லை, பிள்ளை.

எப்படிக் களைக்கும்? பின்ஸ்பரி பார்க்கில் ஏறி ஹைகேற் வரைக்கும் மூன்றரைக் கிலோமீற்றர் அளவு. அதற்குள் ஒரு படியும் இல்லை, கால் இடறுகிற பள்ளமும் இல்லை. ஏற்றம் இருக்கிறதென்று நீ சொல்லித்தான் தெரிந்தது. என் முழங்கால் உன் வீட்டு மாடிப்படியில் அழும், அந்தப் பாதையில் வாயே திறக்கவில்லை. கோச்சி செங்குத்தாக மேடு ஏறாது. அதற்காக மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, மட்டம் பார்த்துப் போட்ட பாதை அது. கோச்சி போன பிறகு அந்த மட்டம் மனிசருக்கு மிஞ்சியிருக்கிறது. தள்ளுவண்டியோடு தாய்மார், நாயோடு கிழவர்கள், வேலியோரம் முள்ளுக்குள் கை விட்டுக் கறுப்புப் பழம் பறிக்கிற பிள்ளைகள். சுவர் வளைவுக்குள்ளிருந்து வெளியே வருகிற அந்தப் பூதச் சிலையைக் கண்டு சின்னவன் என் சீலைக்குள் ஒளித்ததும், பிறகு ஆர்ச்வே வீதிக்கு ஏறி முருகனைக் கும்பிட்டதும் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

மருமகன் நடந்துகொண்டே அந்தப் பாதையின் கதையைச் சொன்னார். நிலக்கீழ் ரயிலின் வடக்கு லைனோடு அதைச் சேர்க்க இருந்தார்களாம், 1939இல் யுத்தம் வந்து வேலை குழம்பியதாம். 1954இல் சனம் ஏற்றுகிற கோச்சி நின்றது, 1984இல் நடைபாதையாகத் திறந்தார்கள். இடையில் வாகன வீதியாக்கப் பார்த்தபோது ஊர்ச் சனம் விடவில்லை. 1990இல் இயற்கைக் காப்பிடமாக அறிவித்தார்கள் என்றார். 1990 என்று அவர் சொன்ன இடத்தில்தான் எனக்குள் ஏதோ பிடித்து இழுத்தது. எங்களுடையதும் வடக்குப் பாதை. எங்களுக்கு யுத்தத்தால் கோச்சி நின்றதும் அதே 1990, ஆனி மாதம்.

1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் ஓடத் தொடங்கிய கோச்சி. 1905இல் கொழும்பு வரை பாதை பூர்த்தியானது. என் ஐயா சுருட்டுக் கொட்டில் வைத்திருந்த காலத்தில் சுருட்டுக் கட்டுகள் அதில்தான் தெற்கே போகும். கோச்சி வருகிறதென்று எங்கள் வீட்டில் முதலில் அறிவது குசினிதான். தட்டில் கிடக்கிற கரண்டிகள் கிலுகிலுக்கும், ஆச்சி உலையைப் பார்த்தபடியே “யாழ்தேவி” என்பா. அந்தச் சத்தம் இல்லாமற் போனது. பிறகு தண்டவாளமும் இல்லாமற் போனது. இரும்பும் கட்டையும் காவலரண்களுக்கும் பங்கர்களுக்கும் போயின. மிஞ்சியது சல்லிக் கல்லும் எருக்கலையும், நடுவே சனம் நடந்து நடந்து விழுந்த ஒற்றையடிப் பாதையும்.

அந்தப் பாதையால்தான் உன்னைப் பள்ளிக்கூடம் கூட்டிப் போனேன். உனக்கு ஆறு வயது. பெற்றோல் இல்லாத காலம், சைக்கிள் இருந்தாலும் ரியூப் கிடைக்காது. இப்படி மாரி பெய்து ஒழுங்கையெல்லாம் நிறைந்தாலும் கோச்சிப் பாதை உயர்ந்து காய்ந்து நிற்கும், உன் வெள்ளைச் சப்பாத்தில் சேறு படாது. கொக்குவில் ஸ்டேஷன் மேடை வந்ததும் நீ என் கையை உதறிவிட்டு மேலே ஏறி, அந்த அந்தம் வரைக்கும் ஓடிப்போய்க் குதிப்பாய். ஒருநாள் மேடையில் நின்று, “அம்மா, இது ஏன் இவ்வளவு உயரமாக் கட்டினவை?” என்று கேட்டாய். கோச்சியைக் கண்டிராத பிள்ளைக்கு நான் எதைச் சொல்லி விளங்கப்படுத்த? கிறவுச் எண்டில் சின்னவன் அதே மாதிரி மேடையைப் பார்த்துவிட்டு, “அம்மம்மா, ட்ரெயின் எங்க?” என்றான். அதற்குத்தான் நின்றேன்.

இன்னொன்றும் உனக்குச் சொன்னதில்லை. கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற இடத்தில் கிடக்கிற கறுத்த மரக்கட்டை, அது தண்டவாளத்துக்குக் கீழே கிடந்த சிலிப்பர் கட்டை. குண்டு போடுகிற பொம்மர் தினமும் வந்த நாட்களில் எங்கள் பங்கருக்கு மேலே போடப் பனங்குற்றி போதவில்லை. ஒரு பின்நேரம் அப்பாவும் அயலார் மூன்று பேரும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உன்னைக் கீழே வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வேன்? 1995 ஒக்ரோபர் 30 இரவு ஊரோடு இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைத் தாண்டிப் போய், அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டுக் கூரையில் ஓடு இல்லை, பங்கர் இடிந்து கிடந்தது, கட்டை மட்டும் அப்படியே கிடந்தது. பங்கரை மூடினோம், கட்டையைக் கிணற்றடிக்கு எடுத்தோம். தண்டவாளத்தைப் பிடித்த ஆணிகளின் துளை அதில் இன்னும் இருக்கிறது. மழை பெய்தால் துளைக்குள் தண்ணீர் நிற்கும், அப்பா தெரியாமல் சவர்க்காரத் துண்டை அதன்மேல் வைத்துக் கரையவிடுவார். வெயில் எறித்தால் இப்போதும் மெல்லிய தார் மணம் வரும். புதுப் பாதை போட இந்திய நிறுவனத்து ஆட்கள் வந்து அளந்தபோது, கூப்பிட்டுக் கொடுத்துவிடுவோமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அவர்கள் கொண்டுவந்து இறக்கியதெல்லாம் கொங்கிறீற் கட்டை.

2014 ஒக்ரோபர் 13 யாழ்ப்பாணம் வரைக்கும் கோச்சி வந்தது. கூரையில்லாமல் சுவரெல்லாம் துளையாக நின்ற ஸ்டேஷனை வெள்ளையடித்து நிமிர்த்தியிருந்தார்கள். 2015 ஜனவரி 2 எங்கள் வீட்டைத் தாண்டிக் காங்கேசன்துறைக்கு விட்டார்கள். நீ அப்போது லண்டனில் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். குசினியில் கரண்டி கிலுங்கியது. எனக்கு முதலில் கால்கள் பங்கர் இருந்த பக்கம் திரும்பிவிட்டன. பிறகுதான் ஆச்சியின் குரல் ஞாபகம் வந்தது. வேலியடிக்கு ஓடிப்போய் நின்று கோச்சிக்குள் இருந்த முன்பின் தெரியாத சனத்துக்கெல்லாம் கை காட்டினேன்.

நடைபாதை போய்விட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பாதைக்கு அந்தப் பக்கத்து மாமியிடம் இருபத்துநாலு வருசமாக வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து, கறிச்சட்டி கையில் இருக்க அந்தச் சூடு ஆறமுதல் போய்விடுவேன். பொட்டை அடைத்தாயிற்று, இப்போது கடவை வரைக்கும் போய்ச் சுற்ற வேண்டும். மாமியும் நானும் முன்போல அடிக்கடி காண்பதில்லை. காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தண்டவாளத்தில் நடக்கிற பெடியளைக் கண்டால் வேலிக்கு இங்கால் நின்று கத்துவேன். காவல் இல்லாத கடவைகளில் எத்தனை உயிர் போயிற்று. பாதையோரம் ஒரு முழம் அகலத்துக்கு நடக்க இடம் விட்டுக் கம்பி அடித்திருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் ஆதங்கம். டொக்டர் சொன்ன நடை விடாமல் நடக்கிறது. பட்டணம் போகிற நாளில் ஆரியகுளத்தைச் சுற்றுவேன், அப்பா வந்தால் பண்ணைக் கடற்கரை. மற்ற நாள் வளவுக்குள்தான்.

உன்னுடைய பாதையில் எனக்கு ஒரு குறையும் இல்லை, பிள்ளை. நல்லாய் நட. வேலைக்களை தீர நட, முருகனிடமும் போய் வா. ஆனால் சின்னவன் கேட்டபோது “அது முடிஞ்சுபோச்சு” என்று நீ சொன்னதை என்னால் விட முடியவில்லை. மார்கழி லீவுக்கு வருகிறபோது அவனை வேலியடிக்குக் கூட்டிப் போவேன். நான் இங்கே வேலியைப் பார்த்தேன், அவன் உயரத்துக்கு மறைக்கும். சிலிப்பர் கட்டையைக் கிணற்றடியிலிருந்து எடுத்து, பழைய பொட்டடியில் போடச் சொல்லி அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். அவன் ஏறி நின்றால் கோச்சி முழுக்கத் தெரியும். மழை விடட்டும், தூக்க நாலு பேர் வேண்டும்.

அன்புடன்,
அம்மா