போர்க்காலப் படங்களை முழுச் சட்டகத்தோடு காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மே வந்தாலும் யூலை வந்தாலும் போர் பற்றிய ஆவணப்படங்கள் வரிசைகட்டுகின்றன. அவற்றில் திரும்பத் திரும்ப வருபவை சில பத்திரிகைப் படங்கள்தான்: 1981இல் எரிந்த யாழ். நூலகம், 1995 இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தை நிறைத்த சனம், முள்ளிவாய்க்கால் கூடாரங்கள். அவற்றைக் கையாளும் விதம்தான் கவலை தருகிறது.

35 மி.மீ. பிலிமின் சட்டகம் 36க்கு 24 மி.மீ. அதை 16:9 திரைக்கு நிரப்பினால் உயரத்தில் 15 வீதத்துக்கு மேல் போய்விடும். பிறகு அழுகிற முகத்துக்குக் கிட்டப் போவார்கள். கடைப் பெயர்ப்பலகை, மதில், மின்கம்பம் என்று இடத்தை உறுதிப்படுத்தக்கூடிய எல்லாம் திரைக்கு வெளியே நின்றுவிடும். 1972 யூன் 8 வியட்நாமில் எடுத்த, குண்டில் வெந்து ஓடிவரும் சிறுமியின் படத்திலும், வலது ஓரத்தில் பிலிம் மாற்றிக்கொண்டிருந்த இன்னொரு படப்பிடிப்பாளர் பல பிரசுரங்களில் வெட்டப்பட்டார். அதே படத்தை எடுத்தவர் யார் என்று ஓர் ஆவணப்படம் கிளப்பிய கேள்வியால், பத்திரிகைப் படங்களுக்கு விருது கொடுக்கும் வேர்ல்ட் பிரஸ் போட்டோ அமைப்பு 2025இல் பெயர்க் குறிப்பை நிறுத்திவைத்தது. தோண்டித் துருவவும் ஆவணப்படக் கலைக்குத் தெரியும். நம்மவர்கள் அந்தப் பக்கம் போவது குறைவு.

சத்தமில்லாத நிழற்படத்துக்கு ஷெல் சத்தமும் ஒப்பாரியும் சேர்ப்பது அடுத்த பிழை. பார்த்தவர் மனதில் அது பதிவான காட்சியாகவே தங்கிவிடும்.

பத்திரிகை நறுக்கை ஸ்கான் செய்து பெருப்பித்தால் அச்சுப் புள்ளிகள்தான் தெரியும். புள்ளியை அழிக்கும் மென்பொருள் முகத்தையும் மழுப்பும். செயற்கை நுண்ணறிவு கொண்டு துலக்கினால் இல்லாத கண்ணும் மூக்கும் முளைக்கும். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் இப்படங்களில் முகம் தேடும் ஊரில் இது விளையாட்டல்ல. நெகற்றிவ் கிடைத்தால் 3200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 3200 புள்ளி) ஸ்கான் செய்யுங்கள். அகலம் சுமார் 4500 பிக்சல் வரும், 1920 பிக்சல் திரையில் இரண்டு மடங்கு கிட்டப் போகலாம். வட்ஸ்அப்பில் வந்த பிரதியில் எடுத்த திகதி அழிந்திருக்கும். மூலக் கோப்பையே கேட்டு வாங்குங்கள்.

கிட்டப் போகுமுன் முழுச் சட்டகத்தை ஐந்து விநாடியாவது, இடம், திகதி, எடுத்தவர் பெயரோடு காட்டுங்கள். தெரியாவிட்டால் 'விபரம் தெரியாது' என்று போடுங்கள். 2009இன் இறுதி மாதங்களில் சுயாதீன ஊடகவியலாளர்கள் போர்ப் பகுதிக்குள் விடப்படாததால், அங்கிருந்து வந்த பல படங்களுக்கு இந்த வரி தேவைப்படும்.

1981இல் 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. அந்தக் காலப் படப் பிரதிகள் வீட்டுப் பெட்டிகளில் இருந்தால், 'நூலகம்' போன்ற எண்ணிம ஆவணகத்துக்குக் கொடுக்கும்போது பின்பக்கத்தையும் ஸ்கான் செய்யச் சொல்லுங்கள். திகதி முத்திரையும் பென்சில் குறிப்பும் அங்கேதான் இருக்கும்.

இங்ஙனம்,
வாசகர்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.